சேலத்துல வீட்லயே அரிசி இல்லாம சுஷி ரோல் (சோறு, மீன் வச்சு சுருட்டுற ஜப்பான் சாப்பாடு) போட முடியுமா?

தாராளமா முடியும்ங்க. வடிச்ச வெள்ளைச் சோறு 100 கிராம்ல கார்ப் (மாவுச்சத்து) கிட்டத்தட்ட 28 கிராம், காலிஃப்ளவர்ல 5 தான், அதனால பூவைத் துருவி எண்ணெய் ஊத்தாம வாணலில 5 நிமிஷம் வதக்கி, ஆறுனதும் துணில கட்டி நல்லா பிழிஞ்சிடுங்க, இந்த ஒரு வேலைய மட்டும் அவசரப்படாம செய்யுங்க, தண்ணி நின்னுச்சுன்னா நோரி ஷீட் (சுஷிய சுத்துற காஞ்ச கடல்பாசித் தாள்) நமுத்துப் போய் கிழிஞ்சிடும். ஒட்டுறதுக்கு க்ரீம் சீஸ் 2 ஸ்பூன், துளி வினிகர், உப்பு போதும், சர்க்கரை வேண்டவே வேண்டாம். நோரி ஆன்லைன்ல வாங்கிக்கலாம், சொரசொரப்பான பக்கம் மேல இருக்கணும். உள்ள வைக்க ஏற்காடு பட்டர் ஃப்ரூட் தான் என் சாய்ஸ், கார்ப் கம்மி, அவ்ளோ வழவழப்பு! கூட வெள்ளரிக்கா, வெந்த இறால். மேட்டூர் டேம் மீன்னா கண்டிப்பா வேக வைங்க, ஆத்து மீன பச்சையா தின்னா புழுத்தொற்று வரலாம். எல்லாத்தையும் நோரில வச்சு இறுக்கமா சுருட்டி, கத்திய நனைச்சு நனைச்சு வெட்டுங்க.