இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையே, ஏன்?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. ஆறு மாதமாக ஓயாத சோர்வு. ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்ட பிறகு 8.4. இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் 240, வெள்ளையணுக்கள் 2,700, அதில் நியூட்ரோஃபில் 900. எண்டோஸ்கோபியில் ரத்தக்கசிவு இல்லை. பி12 சரியாக இருக்கிறது. ஆனாலும் பாதம் மரத்துப்போகிறது, இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறார். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. வேறு மருந்து எதுவும் கிடையாது. கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்காக ஆரம்பித்த சிங்க் 50 மி.கி. மட்டும் காலை, இரவு இன்றுவரை சாப்பிடுகிறார்.
– வாசகி, திருச்சி

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த சிங்க் மாத்திரைதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. ரத்தசோகை, குறைந்த நியூட்ரோஃபில், மரத்துப்போன பாதம் மூன்றும் ஒன்றாக வந்து, பி12-உம் சரியாக இருந்தால், அடுத்து தேட வேண்டியது செம்புச்சத்துக் குறைபாடு. பல ஆண்டுகள் தினமும் 100 மி.கி. சிங்க் என்பது அதற்குத் தெரிந்த காரணம். பெரியவர்களுக்கு உணவு, மாத்திரை எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு 40 மி.கி. சிங்க்தான் மேல்வரம்பு.

இரும்பு கொடுத்தும் ஏன் ஏறவில்லை? ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் ஹீம் என்ற தட்டு, அதன் நடுவே ஓர் இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து உட்காருவது அந்த அணுவின் மேல்தான். ஹீமைத் தனியே தண்ணீரில் விட்டால் அதிலுள்ள இரும்பை ஆக்சிஜன் சீக்கிரமே துருவாக்கிவிடும். தண்ணீர் ஒட்டாத ஒரு பொந்துக்குள் புரதம் அதைப் பொத்தி வைத்திருப்பதால்தான் ஆக்சிஜன் ஒட்டவும் முடிகிறது, தேவையான இடத்தில் கழன்று போகவும் முடிகிறது.

அந்த இரும்பு, ரத்த அணுக்கள் உருவாகும் மஜ்ஜைக்குப் போய்ச் சேர வேண்டுமே. உடலின் கையிருப்பு ஃபெர்ரிட்டினில் இருக்கிறது. 24 துண்டுகள் கூடிய உருண்டையான கூடு அது, உள்ளே 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். செல்லை விட்டு இரும்பு வெளியேறுவது ஃபெரஸ் வடிவில். ரத்தத்தில் அதைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதமோ ஆக்சிஜனேற்றம் பெற்ற ஃபெரிக் வடிவத்தைத்தான் பிடிக்கும், அதுவும் இரண்டிரண்டு அணுவாக. இந்த மாற்றத்தைச் செய்பவை செம்பு உள்ள புரதங்கள்: குடல் சுவரில் ஹெபெஸ்டின், ரத்தத்தில் செருலோபிளாஸ்மின். செம்பு இல்லையென்றால் இரும்பு கிடங்கிலேயே தங்கிவிடும், மஜ்ஜை பட்டினி கிடக்கும். ஃபெர்ரிட்டின் 240 இருந்தும் ஹீமோகுளோபின் 8.4-இல் நிற்பதற்கு இது பொருந்துகிறது.

செம்பு எங்கே போனது? சிங்க் அதிகமாக வந்தால் குடல் செல்கள் மெட்டலோதயோனின் என்ற சிறு புரதத்தை நிறைய உற்பத்தி செய்யும். அதன் உடம்பில் 20 இடங்களில் கந்தகம் நீட்டிக்கொண்டிருக்கும். உலோகத்தைப் பிடிக்கும் கைகள் அவைதான். சிங்க்குக்காக உருவானாலும் அது செம்பைத்தான் இன்னும் இறுகப் பிடிக்கும். உணவில் வந்த செம்பு அந்தச் செல்லுக்குள் சிக்கி, சில நாளில் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடுகிறது. ஆகவே சிங்க் தொடரும்வரை வாய்வழி செம்பு கொடுத்தாலும் பெரும்பகுதி வீண்.

சிங்க்கை இன்றே நிறுத்துங்கள். வீட்டிலுள்ள மல்டிவைட்டமின், சத்துமாவு டப்பாக்களின் பின்பக்கத்தையும் படியுங்கள். சிங்க் சல்ஃபேட் 220 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் உண்மையான சிங்க் 50 மி.கி. அவர் பல்செட் வைத்திருந்தால் ஒட்டும் பசையில் சிங்க் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலருக்குக் காரணம் அதுதான்.

பிறகு சீரம் காப்பர், செருலோபிளாஸ்மின், சீரம் சிங்க், 24 மணி நேரச் சிறுநீரில் காப்பர் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். நுண்ணுலோகங்களுக்கென்று உள்ள அடர்நீல மூடிக் குழாயில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே சிங்க் கலந்துவிடும். சீரம் காப்பர் பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு 70–140 மைக்ரோகிராம். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது செருலோபிளாஸ்மின் தானாகவே உயரும், அப்போது குறைபாடு மறைந்துபோகலாம்.

சிறுநீர்ச் சோதனையை விட்டுவிடாதீர்கள். செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோயிலும் ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் குறைவாகவே காட்டும், ஆனால் சிறுநீரில் செம்பு அதிகம் போகும். குறைபாட்டில் சிறுநீரிலும் குறைவு. வில்சன் நோயாளிக்குச் செம்பு கொடுப்பது ஆபத்து. அவர்களுக்கு சிங்க் ஒரு மருந்தாகவே தரப்படுகிறது. அதனால் முடிவு வரும்முன் நீங்களாகச் செம்பு மாத்திரை ஆரம்பிக்க வேண்டாம்.

குறைபாடு உறுதியானால் வழக்கமாக ஒரு நாளைக்கு 2 முதல் 8 மி.கி. செம்பு வாய்வழி தருவார்கள், கடுமையாக இருந்தால் நரம்புவழி. கடையில் கிடைக்கும் மல்டிவைட்டமினில் செம்போடு சிங்க்கும் சேர்ந்தே இருக்கும், அது இதற்கு உதவாது. எள், முந்திரி, ஆட்டு ஈரல் நல்லவைதான், ஆனால் இந்த அளவு குறையை உணவு மட்டும் நிரப்பாது. செம்புக் குடத்துத் தண்ணீரையும் சிகிச்சையாக நம்ப வேண்டாம், எவ்வளவு கரைகிறது என்ற கணக்கே கிடையாது. எலுமிச்சைச் சாறு, மோர் போன்ற புளிப்பானவற்றை அதில் ஊற்றவே கூடாது.

மஜ்ஜைப் பரிசோதனையைத் தள்ளிவைக்கலாமா என்று ரத்தநோய் நிபுணரிடம் கேளுங்கள். முடிவை அவரே எடுக்கட்டும். ஆனால் சிங்க் சாப்பிட்ட விவரத்தை எழுதிக் கொடுங்கள். செம்புக் குறையிலும் மஜ்ஜையில் வளைய சிடிரோபிளாஸ்ட்டும் (உள்ளே இரும்பு வளையமாகத் தேங்கிய இளம் சிவப்பணு) குமிழியிட்ட செல்களும் தெரியும். விவரம் தெரியாதவருக்கு அது மயலோடிஸ்பிளாசியா போலவே இருக்கும், புற்றுநோய் வரிசையில் வைக்கப்படும் நோய் அது.

ரத்த அணுக்கள் பெரும்பாலும் 4 முதல் 12 வாரத்தில் மீளும். நரம்பு அப்படியல்ல. மேலும் கெடாமல் நிற்கும், ஓரளவு தேறும், முழுமையாகத் திரும்பும் என்று உறுதி தர முடியாது. கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் இப்படி 900 என்று குறைந்திருக்கும்வரை 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், பாரசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

முகம் கழுவக் கண்ணை மூடும்போதும் அவர் தள்ளாடுவார், கவனித்துப் பாருங்கள். பாதத்திலிருந்து தகவல் வராததால் கண்ணை நம்பித்தான் நிற்கிறார். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டுவிட்டு, இரவில் அவர் போகிற வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.