ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாதீர்கள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, நிரலில் தேதியும் நேரமும் ஏன் தப்பாக வருகின்றன என்ற ஒரே கேள்விதான், வேஷம்தான் வேறு வேறு.

*எங்கள் டியூஷன் சென்டர் ஆப்பில் பிறந்த தேதி 15 என்று கொடுத்தால், திரும்பத் திறக்கும்போது 14 என்று காட்டுகிறது. - கொருக்குப்பேட்டை வாசகி*

பிறந்த தேதியை நள்ளிரவு 12 மணியாக்கி, அதை யூடிசி-க்கு (உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால்) மாற்றிச் சேமித்திருக்கிறீர்கள். நம் நள்ளிரவு அங்கே முந்தின நாள் மாலை 6:30. பிறந்த தேதிக்கு மணியும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. டேட்டாபேஸில் டேட் என்றே ஒரு வகை இருக்கிறதே, அதில் போடுங்கள். பழைய பதிவுகளைத் திருத்தும் முன் பேக்கப் எடுங்கள்.

*கப்பல் சரக்குப் பட்டியலில் 03/04 என்று தேதி வருகிறது. மார்ச்சா, ஏப்ரலா? - மண்ணடி*

அனுப்பியவரைக் கேளுங்கள், நிரலைக் கேட்காதீர்கள். இனி வருடம்-மாதம்-நாள் வரிசையில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த வரிசைக்கான உலகத் தரம், ஐ.எஸ்.ஓ. 8601, வந்தது 1988-ல்.

*சர்வரில் நேர மண்டலத்தைச் சொல்லும் டி.இசட். மதிப்பாக ஐ.எஸ்.டி. (இந்திய நேரம்) பிளஸ் 5:30 என்று கொடுத்தேன். கடிகாரம் 11 மணி நேரம் பின்னால் போய்விட்டது. லினக்ஸில் பக் இருக்கிறதா? - வியாசர்பாடி*

இல்லை. போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரத்தின் அந்தப் பழைய முறையில் கிரீன்விச்சுக்கு மேற்கே பிளஸ், கிழக்கே மைனஸ். கூட்ட வேண்டிய ஐந்தரையைக் கழித்துவிட்டீர்கள், அதுதான் 11. ஏஷியா/கொல்கத்தா என்று ஊர் பெயரைக் கொடுங்கள். ஐ.எஸ்.டி. என்ற மூன்றெழுத்தை இஸ்ரேலும் அயர்லாந்தும்கூட வைத்திருக்கின்றன. விண்டோஸில் இதே மண்டலத்துக்கு வேறு பெயர்; இரண்டிலும் ஓட வேண்டும் என்றால் ஐ.சி.யூ. என்ற நிரல் நூலகம் பெயரை மாற்றித் தரும்.

*தேதி தப்பாக வருகிறது. அவசரம், உடனே பதில் தேவை. - பெரம்பூர்*

எந்த மொழி, எந்த டேட்டாபேஸ், எந்தத் தேதி வர வேண்டும், எது வந்தது? நானும் ஜோசியக்காரன் இல்லை சார்.

*ஜாதக ஆப் செய்கிறோம். 1943-ல் பிறந்த பாட்டிக்கு ஆப் காட்டும் லக்னம், கையால் எழுதிய பழைய ஜாதகத்தோடு ஒத்துப்போகவில்லை. இந்தியாவில் நேரம் மாறுவதே இல்லை என்பதால் 5:30-ஐ நிரலிலேயே எழுதிவிட்டோம். - பழைய வண்ணாரப்பேட்டை*

மாறுவதே இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுவரை யுத்த கால ஏற்பாடாக நம் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. பாட்டி காலை 7 மணிக்குப் பிறந்தார் என்றால் இன்றைய கணக்கில் அது 6 மணி. லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும் என்பது உங்களுக்கே தெரியும். வயதான ஜோசியர்கள் அந்த ஒரு மணியைக் கழித்துவிட்டுத்தான் கட்டம் போடுவார்கள். உங்கள் ஆப்புக்கு அந்த ஞானம் இல்லை.

இன்னும் பின்னால் போங்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்டபோது ஐந்தரை என்ற கணக்கே கிடையாது. 1906 ஜனவரி 1-ல்தான் அது வந்தது. அதற்கு முன் மதராஸ் நேரம், சுமார் 5:21. ஒருகாலத்தில் நாடு முழுக்க ரயில்கள் நம் ஊர் நேரத்தைப் பார்த்து ஓடின (இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு).

இந்தத் தவறை நானும் செய்தவன்தான். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் அலுவலகத்தில், கொழும்புக்கு யூடிசி-யோடு 6 மணி நேர வித்தியாசம் என்று நிரலில் எழுதி வைத்திருந்தேன். 2006 சித்திரைப் புத்தாண்டு முடிந்த மறுநாள் இலங்கை ஐந்தரைக்குத் திரும்பிவிட்டது. அட்டவணை முழுக்க அரை மணி தவறி, இரண்டு நாள் திட்டு வாங்கினேன். ஏஷியா/கொழும்பு என்று எழுதியிருந்தால், கணினியில் இருக்கும் நேர மண்டலக் கோப்பைப் புதுப்பிப்பதோடு வேலை முடிந்திருக்கும். இந்த மாற்றங்களையெல்லாம் அந்தக் கோப்பு வைத்திருக்கிறது, காசும் கேட்பதில்லை. அதை விட்டுவிட்டு ஐந்தரை மணி நேரத்துக்கான 19800 வினாடியைக் கூட்டிக்கொண்டிருக்கிறோம். ஊர் பெயரைச் சேமியுங்கள், வித்தியாசத்தைச் சேமிக்காதீர்கள்.

*லண்டனில் இருக்கும் அண்ணனோடு அவருடைய மாலை 6 மணிக்கு வாராவாரம் மீட்டிங். எல்லாவற்றையும் யூடிசி-யில் வை என்கிறார்களே? - எண்ணூர்*

நடந்து முடிந்ததற்கு அது சரி. நடக்கப்போவதற்குச் சரிவராது. லண்டன் மார்ச் கடைசி ஞாயிறு முன்னால் போகும், அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பும். நமக்குக் குளிர்காலத்தில் இரவு 11:30, கோடையில் 10:30. மாலை 6 மணி, யூரோப்/லண்டன் என்று இரண்டையும் வையுங்கள். திரும்பவும் ஊர் பெயர்தான்.

*2038 பிரச்சினைக்கு இப்போதே பயப்பட வேண்டுமா? - திருவொற்றியூர்*

1970-லிருந்து வினாடிகளை எண்ணி வைக்கும் 32 பிட் நேரத்துக்கு அந்த வருடம் ஜனவரி 19, நம் காலை 8:44-க்கு இடம் தீர்ந்துவிடும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் டைம்ஸ்டாம்ப் வகைக்கும் அதே எல்லை. 20 வருட வீட்டுக் கடனுக்குத் தவணை அட்டவணை போட்டுப் பாருங்கள், இன்றைக்கே தெரிந்துவிடும்.