பிரிட்டனில் எம்.எஸ்சி.: அந்த 'இரண்டு வருஷத்தை' நம்பிக் கடன் வாங்கலாமா?

படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்கலாம் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2026 செப்டம்பரில் ஒரு வருஷப் படிப்பில் சேரும் உங்கள் மகளுக்கு அந்த இரண்டு வருஷம் கிடையாது. படிப்பு முடித்தவர்கள் அங்கே வேலை பார்க்கத் தரும் 'கிராஜுவேட்' விசாவுக்கு 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். ஆராய்ச்சிப் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் பழையபடி மூன்று வருஷம். கல்லூரியில் சேர்ந்த தேதியைப் பார்க்க மாட்டார்கள், விசாவுக்கு விண்ணப்பிக்கும் தேதியைத்தான் பார்ப்பார்கள்.

கொடுத்த சலுகையைப் பின்னால் குறைப்பது பிரிட்டனுக்குப் புதிதல்ல. 1948 சட்டப்படி காமன்வெல்த் நாட்டவர் யாரும் அங்கே போய்க் குடியேறலாம் என்றிருந்தது. 1962-லேயே கட்டுப்பாடு வந்துவிட்டது, 1971 சட்டம் அதை இன்னும் இறுக்கியது. மாணவர்கள் கதையும் இதேதான். 2008-ல் கொடுத்த இரண்டு வருஷ வேலை விசாவை 2012 ஏப்ரலில் மூடினார்கள். 2011 செப்டம்பரில் முதுகலை சேர்ந்தவர்கள் படித்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. 2021 ஜூலையில் மறுபடி திறந்து, இப்போது குறைக்கிறார்கள். படிப்புக் காலத்துக்குள்ளேயே விதி மாறும் என்றுதான் நான் கணக்குப் போடுவேன்.

மகளுக்கு வரன் பார்ப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். 2024 ஜனவரி முதல் சாதாரண முதுகலை மாணவர்கள் கணவரை உடன் அழைத்துப்போக முடியாது. கிராஜுவேட் விசாவிலும் புதிதாகச் சேர்க்க முடியாது. இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, 18 மாதத்துக்கு அப்புறம்? ஒரு நிறுவனம் வேலை கொடுத்து ஸ்பான்சர் செய்தால்தான், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்றால்தான், வேலை விசாவில் தங்கலாம். அதற்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 26,200 பவுண்டாக இருந்தது. 2024 ஏப்ரலில் 38,700 ஆனது, 2025 ஜூலையில் 41,700. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு 33,400 என்ற சலுகை உண்டு, ஆனால் அந்தந்த வேலைக்கென்று விதித்த சம்பளத்தில் 70 சதவீதம் அதைவிட அதிகமென்றால் அதைத்தான் கொடுக்க வேண்டும். கணினித் துறையில் இது எட்டக்கூடியது. பொதுவான மேலாண்மைப் படிப்புக்குச் சிரமம் என்பது என் எண்ணம்.

முன்பணம் கட்டுவதற்கு முன், ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசின் இணையதளத்திலிருந்து இறக்கி, மகளின் துறையில் எத்தனை இருக்கின்றன என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். கடன் தவணையைச் சென்னைச் சம்பளத்தில் கட்ட முடியுமா என்றும் போட்டுப் பாருங்கள். முடியாதென்றால் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்.