சைக்கிள் கேள்வி பதில்: எல்ராய் டூ ஸ்பார்ட்டா

கேள்வி: மினியாபோலிஸ்ல பையன் வீட்டுக்கு வந்திருக்கேன். விஸ்கான்சின்ல எல்ராய்-ஸ்பார்ட்டா டிரெயில்னு ஒண்ணு இருக்காம், சைக்கிள் ஓட்டலாம் வாம்மான்னு கூப்பிடுறான். எனக்கு 61 வயசு, கடைசியா சைக்கிள் தொட்டது காலேஜ்ல. 32 மைல்ங்கிறான். முடியுமா?
- மதுரை வாசகி

பதில்: ஓட்டலாம்மா, ஆனா 32 மைலும் வேணாம், அது 51 கிலோமீட்டருக்கு மேல, பையன் வயசுல யோசிச்சு சொல்லியிருக்கார். பாதை ஈஸிதான், அதுல சந்தேகமே இல்ல. ஏன்னா இது 1873-ல ரயிலுக்குப் போட்ட பாதை, சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனியோடது, ரயிலால செங்குத்தா ஏற முடியாதுங்கிறதால மலையைக் குடைஞ்சு பள்ளத்தை மேடாக்கி பெரும்பாலும் 3 சதவீதத்துக்குள்ளயே ஏத்தத்தை வச்சிருக்காங்க, நமக்காக அன்னைக்கே யாரோ கஷ்டப்பட்டுட்டாங்க. 1964-ல ரயில் நின்னுச்சு, அடுத்த வருஷமே மாநில அரசு இடத்தை வாங்கிடுச்சு. அமெரிக்காவோட முதல் ரயில் டிரெயில்னு, அதாவது பழைய ரயில் பாதையையே சைக்கிள் பாதையாக்கினதுன்னு, பரவலா சொல்றது இதைத்தான்.

ஆனா ஒண்ணு, தரை தார் இல்ல, பொடிச்ச சுண்ணாம்புக்கல். மழை பெய்ஞ்ச மறுநாள் டயர் லேசா அமுங்கும், சமமா இருக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரியுற இடத்துல கூட தொடை கனக்கும். அது உங்க வயசு இல்ல, ஏத்தம்தான், கண்ணுக்குப் பிடிபடாது. கியர் சைக்கிளா எடுத்து கியரைக் குறைச்சுட்டு மெதுவா மிதிங்க. ரோட்டு ரேஸ் சைக்கிளோட ஒல்லி டயர் இங்க ஆகாது.

என் யோசனை: வழியில இருக்கிற வில்டன் ஊர்ல ஆரம்பிச்சு அடுத்த ஊரான நார்வாக் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்துடுங்க. போக சுமார் 6 மைல், வர 6 மைல். நடுவுல ஒரு குகையும் (ரயிலுக்காக மலையைக் குடைஞ்ச சுரங்கம்தான்) கிடைச்சிடும், காடும் கிடைச்சிடும், சோளக்காடும் மாட்டுப் பண்ணையும் கூடவே வரும். அந்தப் பக்கம் ஆமிஷ் ஜனங்க நிறைய, கார் வச்சுக்காம குதிரை வண்டியில போற கிறிஸ்தவ சமூகம், டிரெயில் ரோட்டைக் கடக்கிற இடத்துல கறுப்புக் குதிரை வண்டி வந்தா நின்னு வழி விடுங்க, குதிரை பக்கத்துல போய் மணி அடிக்காதீங்க.

கேள்வி: குகைக்குள்ள ஓட்டலாமா? என் பொண்ணுக்கு இருட்டுன்னா பயம்.
- சிகாகோ வாசகர்

பதில்: ஓட்டக்கூடாது, இறங்கித் தள்ளிட்டுத்தான் போகணும். மொத்தம் மூணு குகை. அதுல ரெண்டு, ஒவ்வொண்ணும் கால் மைலுக்குக் கொஞ்சம் மேல; மூணாவது, நார்வாக்குக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடுவுல இருக்கிறது, 3,810 அடி. உள்ள விளக்கே கிடையாது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாடி வெளிச்சம் சின்னப் புள்ளியாகிடும், மேல இருந்து தண்ணி சொட்டு சொட்டா கழுத்துல விழும், ரெண்டு ஓரமும் வாய்க்கால்ல ஓடுற சத்தம் கேட்டுட்டே இருக்கும், வெளியில வெயில் கொளுத்தினாலும் உள்ள ஸ்வெட்டர் தேடுவீங்க. ஆளுக்கு ஒரு டார்ச் எடுத்துக்கோங்க, போன் வெளிச்சத்தை நம்பாதீங்க, ஒரு கையில சைக்கிள் ஒரு கையில போன்னு தடுமாறுவீங்க. பொண்ணுக்குப் பயம்னா முதல்ல சின்னக் குகைக்குக் கூட்டிட்டுப் போங்க. பிடிச்சா பெருசு, இல்லன்னா விடுங்க, அழ வச்சுக் கூட்டிட்டுப் போற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

வாசல்ல பெரிய மரக்கதவு இருக்கும், அதைக் காட்டுங்க. குளிர்காலத்துல கசியுற தண்ணி உறைஞ்சு சுவர் கல்லைப் பிளந்துடும்னு கதவை மூடியே வச்சிருப்பாங்களாம், ஒவ்வொரு ரயில் வரும்போதும் காவலாளி ஓடிப்போய் திறந்து, போனதும் திரும்ப மூடணும். விஸ்கான்சின் குளிர்ல நடு ராத்திரி இந்த வேலை! இப்பவும் குளிர்காலத்துல குகைகளை மூடிடுவாங்க, அதனால மே முதல் அக்டோபருக்குள்ள பிளான் பண்ணுங்க.

கேள்வி: ஒரு பக்கமா முழுசா ஓட்டினா கார் எல்ராய்லயே நிக்குமே?
- மாடிசன் வாசகர்

பதில்: நிக்கும்! ரெண்டு கார்ல போங்க, இல்லன்னா ஒருத்தரை டிரைவரா நேர்ந்து விடுங்க. வழியில இருக்கிற கெண்டால் ஊரோட பழைய ரயில் ஸ்டேஷன்தான் டிரெயிலுக்கு ஆபீஸ், அங்க முன்கூட்டியே போன் பண்ணி வாடகை சைக்கிள், வண்டி ஏற்பாடெல்லாம் கேட்டுக்கோங்க. 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்க சைக்கிள் ஓட்ட பாஸ் வாங்கணும், நடக்கிறவங்களுக்கு வேணாம். முழுசா ஓட்டியும் ஆசை அடங்கலன்னா எல்ராய்ல இருந்து ரீட்ஸ்பர்க் வரைக்கும் '400' டிரெயில்னு 22 மைல் இருக்கு. சிகாகோவுல இருந்து மினியாபோலிஸ் பக்கம் சுமார் 400 மைலை 400 நிமிஷத்துல ஓடின ரயிலோட பேரு அது. நீங்க அந்த வேகத்துல போக வேணாம், தண்ணியும் தயிர் சாதமும் எடுத்துட்டுப் போங்க, ஊருக்கு ஊர் நடுவுல கடை கிடையாது.