பதில்: பெண் ஈக்கள் இணைசேரத் தாமதிப்பது காது கேளாததாலா?

நான்சங் என்ற மரபணுவில் பிறழ்வுள்ள பெண் பழ ஈக்கள் சாதாரண ஆணோடு இணைசேர ரொம்ப நேரம் எடுக்கின்றன, செவிடு என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எழுதாதீர்கள். அந்த மரபணு வேலைசெய்யும் நரம்புகள் ஈயின் காது இருக்கும் உணர்கொம்பில் மட்டுமல்ல, கால்களிலும் உண்டு. நடையே தடுமாறும் ஈ தாமதிப்பதில் ஆச்சரியமில்லை.

ஆண் ஈ பெண்ணைக் கவர ஒரு சிறகை விரித்து அதிர்த்துத்தான் பாடுகிறது, துடிப்புக்குத் துடிப்பு சுமார் 35 மில்லிவினாடி இடைவெளி. ஆகவே ஆண்களை மயக்கி இரு சிறகையும் நறுக்கி, நன்றாகத் தேறவிட்டு, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பாட்டில்லாத ஆணிடம் சாதாரணப் பெண்ணும் உங்கள் பிறழ்வுப் பெண் அளவுக்கே தாமதித்தால், காதுதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். பிறழ்வுப் பெண் அப்போதும் பின்தங்கினால் வேறு கோளாறும் இருக்கிறது.

ஆண்களின் செவியைச் சோதிக்க வழி இன்னும் சுலபம். சிறகு நறுக்கிய ஆண்களைக் கூட்டமாக அடைத்துப் பதிவுசெய்த பாட்டைப் போடுங்கள்; காது கேட்பவை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் துரத்தும். 1997இல் ஈபர்ல் என்ற ஆய்வாளரின் குழு செவிட்டுப் பிறழ்விகளைச் சலித்தெடுத்தது இப்படித்தான். பாட்டுப் போடாமலும் ஒருமுறை பாருங்கள். ஃப்ரூட்லெஸ் என்ற மரபணுவில் பிறழ்வுள்ள ஆண்கள் சும்மாவே சங்கிலி கட்டும்!