மொட்டை மாடி வெயிலை எங்கே தடுப்பது?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் 2009-ல் கட்டிய தரைத்தள வீடு எங்களுடையது. மேலே 900 சதுரடி மொட்டை மாடி. காங்கிரீட் போட்டு சிமெண்ட் பூசியதோடு சரி, தட்டோடு எதுவும் பதிக்கவில்லை. மார்ச் பிறந்தால் ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் காற்று அனலாக இறங்குகிறது. மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். கூலிங் பெயிண்ட் சதுரடிக்கு 30 ரூபாய், கூலிங் டைல்ஸ் 95 ரூபாய், கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வைத்த ஃபால்ஸ் சீலிங் 120 ரூபாய். கடைசி ஆள் 12 மாத ‘வட்டியில்லா’ இஎம்ஐ தருகிறார். மூன்று நான்கு வருடத்தில் மேலே ஒரு மாடி எடுக்கும் யோசனையும் உண்டு. எது சரி? ஏற்காட்டில் அக்கா வீடு ஷீட் கூரை; அவர்களுக்கும் இதே போதுமா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. மேலே மாடி எடுக்கப் போகிறீர்கள் என்றால் பெயிண்ட் போதும். இன்னொரு தளம் வந்துவிட்டால் இன்றைய மொட்டை மாடி உங்கள் வீட்டுக்குள் போய்விடும். அதன்மேல் கொட்டிய டைல்ஸ் காசும் கூடவே போய்விடும். 27,000 ரூபாயில் முடியும் வேலைக்கு லட்சத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த 27,000-ஐ எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ராத்திரி பத்து மணிக்கு ஏன் அனல்? ஐந்து அங்குலத் தளம் என்று வைத்துக்கொண்டால், 900 சதுரடிக்கு உங்கள் தலைக்கு மேல் இருப்பது ஏறத்தாழ 25 டன் காங்கிரீட். ஏப்ரல் 20 வாக்கில் நடுப்பகல் சூரியன் சேலத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் உங்கள் மாடியில் விழும் வெயிலின் மொத்தத் திறன் 80 கிலோவாட்டை ஒட்டி வரும். ஒன்றரை டன் ஏசி ஒன்று அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பமோ ஐந்து கிலோவாட் சொச்சம்தான். பழுப்பேறிய சிமெண்ட் அந்த வெயிலில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். சூடு தளத்துக்குள் மெதுவாக இறங்கி, சாயங்காலத்துக்கு மேல்தான் கீழ்ப்பக்கம் வந்து சேரும். நீங்கள் படுக்கப் போகும் நேரமும் அதுவே. ஃபேன் அந்தச் சூட்டை உங்கள் மேல் தள்ளிவிடுகிறது, பாவம், அதற்கு வேறென்ன தெரியும்.

ஆகவே வெயிலைத் தளத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும். சூடு காங்கிரீட்டுக்குள் ஏறிய பிறகு கீழே நின்று தடுப்பது இரண்டாம் பட்சம்தான். கிளாஸ் வூல் வைத்த ஃபால்ஸ் சீலிங் வேலையே செய்யாது என்று சொல்லமாட்டேன். அறைக்குள் இறங்கும் வெப்பத்தை அது நன்றாகவே குறைக்கும். ஆனால் மேலே காங்கிரீட் தினமும் வெந்து, இரவில் ஆறி, விரிந்து சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். விரிசல் விட்டு ஒழுகினால் போர்டு ஊறிக் கறை தெரியும்வரை உங்களுக்குத் தெரியாது. அறையின் உயரமும் குறையும். அடுக்குமாடியின் கடைசித் தளத்தில் இருப்பவர், மொட்டை மாடியில் கை வைக்க உரிமை இல்லாதவர், வாடகை வீட்டுக்காரர் — இவர்களுக்கு வேறு வழியில்லை, செய்துகொள்ளட்டும். மாடி உங்களுடையது. நீங்கள் ஏன் கீழே செலவழிக்க வேண்டும்? கிளாஸ் வூல் வைக்காமல் வெறும் ஜிப்சம் போர்டு அடித்துவிட்டு ‘சூடு குறையும்’ என்பவரோடு பேச்சைத் தொடரவே வேண்டாம்.

கூலிங் டைல்ஸும் பெயிண்டும் அடிப்படையில் ஒரே வேலையைச் செய்பவை: வெயிலைத் திருப்பி அனுப்புவது. டைல்ஸின் மெல்லிய கனம் வெப்பத்தைத் தடுக்காது, அதன் வெள்ளை நிறம்தான் தடுக்கிறது. தினமும் மாடியில் நடமாட்டம் உண்டு, ஜவ்வரிசி வடகம் காயப்போட வேண்டும், துணி துவைக்க வேண்டும் என்றால் டைல்ஸ் உழைக்கும். வாங்கினால் சொரசொரப்பானதாக வாங்குங்கள். வழவழப்பு டைல்ஸ் மழையில் ஆளைத் தள்ளிவிடும். எடையையும் யாரும் சொல்வதில்லை. டைல்ஸுக்குக் கீழே போடும் 40 மில்லிமீட்டர் கலவை மட்டுமே சதுர மீட்டருக்கு 80 கிலோ. பழைய முறைப்படி செங்கல் ஜல்லி சுண்ணாம்பு மூன்று அங்குலம் போட்டு மேலே தட்டோடு பதித்தால் சதுர மீட்டருக்கு 140 கிலோவைத் தாண்டும். ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் உபயோகப் பளு, அதாவது ஆட்களும் சாமான்களுமாக வந்துபோகும் பாரம், சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். கட்டும்போதே கணக்கில் சேர்க்காத பாரத்தை 2009 வீட்டின் மேல் ஏற்றுவதற்கு முன் கம்பி வரைபடத்தை ஒரு என்ஜினீயரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இனி பெயிண்ட். டப்பாவில் ‘8 டிகிரி குறையும்’, ‘10 டிகிரி குறையும்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அது பெரும்பாலும் தளத்தின் மேற்பரப்புச் சூடு, உங்கள் படுக்கையறைச் சூடு அல்ல. கேட்க வேண்டியது எஸ்ஆர்ஐ என்ற எண்ணை. கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்து, வெயிலில் ஒரு பரப்பு எவ்வளவு குறைவாகச் சூடேறும் என்பதைச் சொல்லும் அளவு அது. நல்ல புது வெள்ளைப் பூச்சுக்கு 100-ஐத் தொட்டோ தாண்டியோ வரும். அந்த எண்ணைச் சோதனை அறிக்கையோடு காட்டாத டப்பா வேண்டாம். இன்னொன்று, உள்சுவருக்கு அடிக்கும் ‘வெப்பத்தடுப்பு பெயிண்ட்’ என்று ஒன்றும் விற்கிறார்கள். அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத பூச்சு காப்புப் பலகை மாதிரி வேலை செய்யாது. வெயில் படாத சுவரில் அதற்குத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு படுக்கையறைக்கு நேர் மேலே மட்டும் நல்ல சுண்ணாம்பை இரண்டு கை அடியுங்கள். ஒரு வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த அறையின் சீலிங்கையும் பக்கத்து அறையின் சீலிங்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். மழை வந்தால் சுண்ணாம்பு போய்விடும், போகட்டும். சில நூறு ரூபாயில் 27,000-க்கு விடை கிடைத்துவிடும்.

பெயிண்ட் அடிக்கும் முன் தளத்தைத் தயார் செய்வதில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. தண்ணீர்ப் போக்குக் குழாயை அடைத்து மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். கீழே எங்காவது ஈரம் தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கூலிங் பெயிண்ட் ஒழுகலுக்கு மருந்தல்ல. தண்ணீரைத் திறந்துவிட்ட பின் எங்கே தேங்கி நிற்கிறது என்றும் பாருங்கள். வாட்டம் சரியில்லாத இடத்தில் பூச்சு முதலில் உரியும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, விரிசலை அடைத்து, தளம் முழுக்கக் காய்ந்த பின்பே பிரைமர். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து தளம் உலர்ந்த பிறகு, ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். கத்திரி வெயிலில் கொதிக்கும் தளத்தில் நட்ட நடுப்பகலில் அடித்தால் பூச்சு பிடிக்கும் முன்பே காய்ந்துவிடும். அப்போது அடித்தே ஆக வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். அப்புறம், வெள்ளை மேல் தூசி படிந்தால் பலனில் ஒரு பங்கு போச்சு. ஒவ்வொரு கோடைக்கு முன்பும் ஒரு முறை கழுவிவிட வேண்டும். சில வருடங்களில் மறுபூச்சு தேவைப்படும். அதற்குள் உங்கள் மாடி வேலையும் வந்துவிடும்.

மாடி எடுக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு என் பதில் வேறு. அவர்கள் டைல்ஸுக்குக் கீழே எக்ஸ்பிஎஸ் பலகை வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். தெர்மகோலின் உறவுதான், ஆனால் இறுகியது, தண்ணீர் குடிக்காது, மேலே நடந்தாலும் அமுங்காது. வீடுகளுக்கான மத்திய அரசின் எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 விதி, உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் கூரை வழியாகச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. உங்களுடையது போன்ற வெறும் காங்கிரீட் தளத்தில் 3 வாட் கடக்கும். அந்த வெப்பத்தை 100 என்று வைத்தால், 25 மில்லிமீட்டர் பலகை போட்டால் 28 ஆகும். 50 மில்லிமீட்டருக்கு 16. 75 மில்லிமீட்டருக்கு 11. முதல் அங்குலம் செய்வதைப் பிறகு வரும் அங்குலங்கள் செய்வதில்லை. 50 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். தளத்தின் மேல் வாட்டக் கலவை, நீர்த்தடுப்பு, பலகை, பிரிப்புத் துணி, கம்பி வலையோடு மெல்லிய காங்கிரீட், டைல்ஸ் என்று வரிசை இருக்க வேண்டும். பலகைக்கு எடை கிடையாது, மேலே போடும் காங்கிரீட்டுக்கு உண்டு. முன்பு சொன்ன பாரக் கணக்கு இங்கும் பொருந்தும். கனமீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி என்று பேசிவிட்டு லேசான சரக்கை இறக்கினால் கண்டுபிடிப்பது சுலபம்: 1250-க்கு 600 மில்லிமீட்டர், 50 கனம் உள்ள ஒரு பலகையைத் தராசில் வையுங்கள். 1.2 கிலோ நிற்க வேண்டும்.

சோலார் போடும் எண்ணம் இருந்தால் அதையும் இங்கேயே சேர்த்து யோசியுங்கள். பேனலின் நிழல் தளத்துக்கு நல்ல குடை. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, இடம் ஏறத்தாழ 300 சதுரடி பிடிக்கும். பூச்சையும் ஒழுகலையும் முடித்த பிறகே பேனல் ஏற வேண்டும். ஆனால் மாடி எடுக்கப் போகும் வீட்டில் இப்போதே போட்டால் கழற்றி மாட்டும் கூலியும் உங்கள் தலையில்தான்.

புது ஏசி வாங்குவதாக இருந்தால் பெயிண்ட் அடித்து ஒரு கோடை பார்த்த பிறகு வாங்குங்கள். மணிக்கு முக்கால் யூனிட் என்று வைத்தாலும் ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 360 யூனிட் ஓடிவிடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்கு முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறுகிறது. பூச்சுக்குப் பிறகும் ஓர் அறை மட்டும் வெந்தால் அதன் மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சாயங்கால வெயில் வாங்கும் சுவருக்கு வெளியே நிழல்தான் வைத்தியம்.

சரி, பணம். பெயிண்டை நீங்களே உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள், கூலியைத் தனியாகப் பேசுங்கள். கொட்டேஷன் ஒவ்வொன்றிலும் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளா வெளியா என்று கேளுங்கள். 30 ரூபாய் 35 ரூபாய் 40 காசாவது அங்கேதான். கைப்பிடிச் சுவரின் உட்பக்கமும் சதுரடியில் சேருமா என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள், கடைசி நாள் தகராறு பெரும்பாலும் அதில்தான் கிளம்பும். டப்பாவில் ஒரு லிட்டர் இரண்டு கைக்கு எத்தனை சதுரடி வரும் என்று அச்சடித்திருப்பார்கள். 900-ஐ அதால் வகுத்தால் எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் காலி டப்பாக்களை எண்ணுங்கள். குறைந்தால் தண்ணீர் கலந்து இழுத்திருக்கிறார்கள். தளம் தயாரான பின் ஒரு பங்கு, இரண்டு கையும் முடிந்த பின் பெரும் பங்கு என்று கூலியைப் பிரியுங்கள். பத்து சதவீதத்தை ஐப்பசி மழை முடியும் வரை கையில் வையுங்கள். அதற்குச் சம்மதிக்காதவர் தரும் ஐந்து வருட வாரண்டி பேச்சோடு சரி. வாரண்டி பெயிண்ட் கம்பெனியுடையதா மேஸ்திரியுடையதா என்றும் தாளில் இருக்க வேண்டும்.

‘வட்டியில்லா’ இஎம்ஐ விஷயம் சுலபம். முழுப்பணமும் ரொக்கமாகத் தந்தால் என்ன விலை என்று அவரிடமே கேளுங்கள். 1,08,000-ஐ 98,000-க்கு இறக்கினார் என்றால் அந்தப் பத்தாயிரம்தான் வட்டி. மாதம் 9,000 கட்டி வருவதால் கடன் குறைந்துகொண்டே போகும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 18 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. பிராசசிங் கட்டணம் இதற்கு வெளியே. உங்களுக்கு அந்தக் கடன் தேவையே இல்லை. பெரிய வேலை செய்பவர்கள் வங்கியில் வீட்டுப் பழுதுபார்ப்புக் கடனாக எடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குச் சொந்தக் குடியிருப்பு வீட்டில் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு கிடைக்கும். நகைக்கடனில் அந்த வேலையைச் செய்திருந்தால் செலவு பில்களை எடுத்து வைத்து ஆடிட்டரைக் கேளுங்கள்.

அக்கா வீட்டுக்கு இது எதுவும் பொருந்தாது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே எதிரி வெயில் இல்லை, குளிரும் ஈரமும். சமையலறை ஆவியும் மூச்சுக்காற்றும் ஏறிக் குளிர்ந்த ஷீட்டின் அடியில் பட்டு, விடிகாலையில் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஆள் கூப்பிடுவார்கள், ஓட்டையே இருக்காது. அங்கே காப்பு ஷீட்டுக்குக் கீழேதான் வர வேண்டும். அலுமினியத் தாள் ஒட்டிய பலகையாகப் பார்த்து, தாள் அறையைப் பார்த்தபடி வைத்து, இணைப்புகள் எல்லாவற்றையும் டேப் ஒட்டி அடைக்கச் சொல்லுங்கள். அறை ஈரம் மேலே ஏறக் கூடாது. பலகைக்கும் ஷீட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, இறவாரப் பக்கம் காற்று போய்வர வழி வையுங்கள். கிளாஸ் வூல் நனைந்தால் காப்பு போய்விடும், மூடுபனி ஊரில் அதைத் தவிர்க்கலாம். வெள்ளைப் பெயிண்ட் வேண்டாம், பகலில் கிடைக்கும் கொஞ்சச் சூட்டையும் அது திருப்பி அனுப்பிவிடும். ஷீட் பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் துளை போடவோ அறுக்கவோ தேய்க்கவோ விடாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. சட்டத்தைச் சுவரிலும் கைமரத்திலும் அடித்துப் பலகையை அதில் தொங்கவிடச் சொல்லுங்கள்.