சூடானால் நின்றுவிடும் பழைய புல்லட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 1988 மாடல் புல்லட் 350, பாயிண்ட் வண்டி (பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் பிரியும்போது பிளக்கில் பொறி வரும் பழைய இக்னிஷன்). காலையில் இரண்டே உதையில் பிடித்துவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் மிஸ்ஸிங் ஆரம்பித்து நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பிளக் புதுசு, கார்ப்பரேட்டரை இரண்டு தடவை கழுவியாகிவிட்டது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே நன்றாக ஓடுகிறது. (வாசகர், துறையூர்)

பதில்: கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடுகிறது, அதுதான் சிக்கலே. இந்தக் கோளாறை நின்ற இடத்திலேயே, சூட்டோடு சூடாகப் பிடிக்க வேண்டும். பிளக் ஸ்பேனரையும் ஒரு கனமான துணியையும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை நின்றதும் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, ஒரு நிமிடத்தில் வண்டியும் பிடித்துவிட்டால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு ஊசி போதும், செலவே இல்லை. கேட்கவில்லையா, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்புதான், அதாவது பிளக்கின் பொறிதான் சரியில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஈரமாகத்தான் இருக்கும், என் சந்தேகம் கண்டன்சர் மேல். பாயிண்ட் பிரியும்போது அங்கே பொறி தெறிக்காமல் அந்தக் கரண்டைத் தாங்கிக்கொள்வது அதுதான். சூட்டில் அது கைவிட்டால் பாயிண்ட் எரியும், பிளக்கில் மஞ்சளாக மெலிந்த பொறிதான் வரும். என் வண்டியும் இப்படித்தான் ஒரு ராத்திரி செஞ்சி தாண்டி நின்றது. பாயிண்ட் மூடியைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, டார்ச்சை அணைத்துவிட்டு, மூடியிருந்த பாயிண்ட்டைக் காய்ந்த வேப்பங்குச்சியால் மெல்லப் பிரித்தேன். பளீரென்று நீலமாக ஒரு பொறி, 'டிக்' என்ற சத்தத்தோடு. நல்ல கண்டன்சராக இருந்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்னப் பொறிதான் வரும். (பெட்ரோல் சிந்தியிருந்தால் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.) பகலிலேயே பார்க்க வேண்டுமென்றால் பாயிண்ட் முகத்தைப் பாருங்கள், கண்டன்சர் கெட்டிருந்தால் ஒரு பக்கம் குழியும் எதிர்ப்பக்கம் மேடுமாக இருக்கும்.

கண்டன்சரை மாற்றும்போது பாயிண்ட்டையும் சேர்த்து மாற்றி, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்தே செட் செய்யச் சொல்லுங்கள். அப்புறமும் நின்றால் கோளாறு காயிலில் (பிளக்குக்குப் பொறி தரும் மின்சுருள்) இருக்கலாம். வண்டி நின்றதும் ஈரத்துணியைக் காயிலைச் சுற்றிப் போடுங்கள், குளிர்ந்ததும் பொறி திரும்பினால் சந்தேகமே வேண்டாம். நெருப்பும் பெட்ரோலும் சரியாக இருந்து, சூட்டில் மட்டும் கிக்கர் தொளதொளவென்று இறங்கினால் டேப்பட் இறுகியிருக்கிறது, அதாவது வால்வு முழுதாக மூடவில்லை. ஆறிய எஞ்சினில் புஷ் ராடு (வால்வைத் திறக்க உதவும் தண்டு) விரலால் சுலபமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

கேள்வி: என் புல்லட்டை உதைத்தால் சில நேரம் கிக்கர் திருப்பி அடிக்கிறது. கணுக்கால் வீங்கிவிட்டது. (வாசகி, காரைக்குடி)

பதில்: முதலில் கால் ஆறட்டும், அதுவரை உதைக்காதீர்கள். பாயிண்ட் இடைவெளியைக் கண்ணளவில் அதிகமாக வைத்துவிட்டால் பாயிண்ட் முன்கூட்டியே பிரியும், டைமிங் முந்திவிடும், பிஸ்டன் மேலே வருவதற்குள் நெருப்பு விழுந்து திருப்பி அடிக்கும். இடைவெளி சரியாக இருந்தால் ஆட்டோ அட்வான்ஸ் (வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முந்தவைக்கும் அமைப்பு) ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உதைக்கும் விதமும் முக்கியம். இக்னிஷன் ஆன் செய்து, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். டிகம்ப்ரஷர் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும்) லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே மூச்சில் கடைசிவரை உதையுங்கள். பாதியில் காலைத் தளர்த்தினால்தான் அடி விழும்.